கோலப்பொடியில் கடலூர்: நகரத் திட்டத்தில் ஊராரைச் சேர்க்க ஒரு வழிகாட்டி

கடலூரில் புதிய பேருந்து நிலையம் எங்கே அமைய வேண்டும் என்று எந்தத் தேநீர்க் கடையில் கேட்டாலும் பதில் கிடைக்கும். மஞ்சக்குப்பத்துக்காரர் ஓர் இடம் சொல்வார், முதுநகர்க்காரர் இன்னோர் இடம் சொல்வார். இருவரும் கணக்கோடுதான் சொல்வார்கள்: நடக்கும் தூரம், ஷேர் ஆட்டோ கட்டணம், மழையில் எந்தச் சாலை முழுகும் என்பது வரை. அதே கடையில், “இதை யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். டம்ளர் கழுவும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஊருக்குத் தெரிந்ததெல்லாம் கோப்பில் ஏறுவதில்லை. ஏற்றி வைப்பதுதான் நம் வேலை. குடியிருப்போர் நலச் சங்கமொன்றில் சில ஆண்டுகள் செயலாளராக இருந்து, பாதியைத் தவறாகச் செய்து கற்றுக்கொண்டவன் நான். சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள், வார்டு குழுவில் பெயர் வந்து என்ன செய்வதென்று விழிப்பவர்கள், படிப்பு முடித்து ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தெரு விளக்கு எரியவில்லை என்பதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அடுத்த இருபது ஆண்டில் ஊர் எந்தப் பக்கம் வளரும், எங்கே வீடு, எங்கே ஆலை, வெள்ளம் வந்தால் தங்க எங்கே இடம் என்று முடிவாகும் பேச்சில் ஊரார் எப்படி நுழைவது என்பதே இங்கே விஷயம்.

முதலில்: எந்தக் கதவு எதற்கு

கடலூர் 1866-ல் நகராட்சியானது. 2021-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 45 வார்டுகள். முதல் மாமன்றத்துக்கான தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்துக்கான செய்திபோலத் தோன்றும். ஆனால் நாம் தட்டப் போகும் கதவுகளின் உயரம் இதிலிருந்துதான் தெரிகிறது.

முதல் கதவு பகுதி சபை. 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74-வது திருத்தம், மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. 2011 கணக்கெடுப்பில் கடலூரின் மக்கள்தொகை 1.73 லட்சம். அந்தத் திருத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்த விதிகள்தான் நம்மைப் போன்ற ஊர்களுக்கும் வார்டு குழுவையும், அதற்குக் கீழே பகுதி சபையையும் தந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ல், உள்ளாட்சிகள் நாளன்று, பல ஊர்களில் பகுதி சபை கூடியது; சென்னையை அடுத்த பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே வந்திருந்தார். உங்கள் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர். யாரும் அழைப்பிதழ் வைத்து அழைக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சபை கூட வேண்டும். கூடவில்லையென்றால் மாமன்ற உறுப்பினரிடம் தேதி கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது கதவு, ஆண்டு வரவு செலவுத் திட்டம். பிப்ரவரி, மார்ச்சில் மாமன்றத்தில் வைப்பார்கள். அதற்கான பட்டியல்கள் அதற்கு முன்பே அலுவலகத்தில் உருவாகத் தொடங்கிவிடும். பிப்ரவரியில் போய் யோசனை சொல்வது, பந்தி முடிந்தபின் இலை போடச் சொல்வதுபோல. டிசம்பருக்குள் உங்கள் பட்டியல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய கதவு: முழுமைத் திட்டம். பேச்சில் எல்லோரும் மாஸ்டர் பிளான் என்பார்கள். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு அடிப்படை. வரைவு தயாரானதும் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, எவர் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபணையோ யோசனையோ கொடுக்கலாம் என்று கேட்க வேண்டும். அதற்கான அவகாசம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. நேரில் சொல்ல விரும்புகிறேன் என்று கேட்பவருக்கு அந்த வாய்ப்பையும் தர வேண்டும். நடைமுறைக்கு வந்த திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. இந்த இரண்டு மாதம்தான் புதியவர்கள் தவறவிடும் கதவு. அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, பொடி எழுத்தில் வரும். சங்கத்தில் ஒருவருக்கு அந்தப் பக்கத்தைத் தினமும் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும். எங்கள் சங்கத்தில் ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் அதைச் செய்கிறார். திருமண விளம்பரத்தைக்கூட விடுவதில்லை. அது வேறு கதை.

கடற்கரை வார்டுகளுக்கு இன்னொன்றும் உண்டு: கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். மீனவர் குடியிருப்பு, படகு நிறுத்துமிடம், வலை காயவைக்கும் மணல் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிவதை வெற்றிடம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. பட்டா, உதவித்தொகை போன்றவற்றுக்கு அது நல்ல இடம். இருபதாண்டுத் திட்டத்துக்கு அங்கே கொடுத்த மனு துறை துறையாக அலைந்து, “தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது” என்ற கடிதமாகத் திரும்பி வரும்.

யாரை அழைப்பது, எப்போது

என் முதல் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை நாள், காலை பத்தரை மணி, ஒரு திருமண மண்டபம். மேடை, ஒலிபெருக்கி, வரவேற்புரை. வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியே நாற்பது நிமிடம் போனது. பேசிய பதினோரு பேரும் ஓய்வூதியர்கள், பதினோரு பேரும் ஆண்கள். மீனவர் குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. “அழைத்தோம், வரவில்லை” என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். பிறகொரு நாள் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “பத்தரைக்கு நான் கூடையோடு தெருவில் நிற்பேன் தம்பி. என்னிடம் பேச வேண்டுமென்றால் மீன் வாங்க வாருங்கள்” என்றார்.

அதன்பிறகு நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் போடக் கற்றேன். விசைப்படகு மீனவர்களைப் பார்க்கத் தடைக்காலமே சரியான பருவம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னியபடி பேச நேரமிருக்கும். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா என ஒவ்வோர் ஊரிலும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. முதலில் ஊர்த் தலைவரான நாட்டாரிடம் சொல்லி, அவர் சொல்லும் இடத்தில் கூட்டம் வைப்பதுதான் முறை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். நாட்டார் கூட்டத்தில் பெண்கள் பின்னால் நிற்பார்கள் அல்லது வரவே மாட்டார்கள். அவர்களிடம் தனியாக, பிற்பகலில், விற்பனை முடிந்து திரும்பும் நேரத்தில் பேச வேண்டும்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஷிப்ட் மாறும் நேரம் பார்க்க வேண்டும். லாரன்ஸ் சாலைக் கடைக்காரர்களை இரவு கடை அடைக்கும்போதுதான் பிடிக்க முடியும். தூய்மைப் பணியாளர்கள் விடியுமுன் வேலைக்கு வருகிறவர்கள். ஊரின் எந்த மூலையில் எந்த வாய்க்கால் அடைக்கிறது என்று அவர்களைவிட அறிந்தவர் யாருமில்லை. எந்தக் கூட்டத்துக்கும் அவர்களை யாரும் அழைப்பதுமில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களையும் சங்கங்கள் மறந்துவிடுகின்றன. சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் வெள்ளம் வருமா என்ன?

பருவத்தில் சிறந்தது தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், சுவரில் நீர்க்கோடு இன்னும் அழிந்திருக்காது, மனதிலும் அழிந்திருக்காது. சித்திரை வெயிலில் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால், “அது அப்போது வந்தது” என்பதற்கு மேல் பதில் வராது.

கோல வரைபடம்

நகரத் திட்ட வரைபடத்தை மேசையில் விரித்தால் இருவர் மட்டும் குனிந்து பார்ப்பார்கள். மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு, ஊதா என்றால் தொழில் என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பதில் தரையில் போடுங்கள். பள்ளி மைதானம், கோயில் முன்வெளி, சமுதாயக்கூட முற்றம், எதுவானாலும் சரி. பத்து அடிக்குப் பத்து அடியாவது வேண்டும். ஊர் மொத்தமும் அதற்குள் அடங்க வேண்டும், நாற்பது பேர் சுற்றி நிற்கவும் வேண்டுமே.

தேவை: வெள்ளைக் கோலப்பொடி இரண்டு கிலோ, நீலம் ஒரு கிலோ, செங்கற்பொடி கொஞ்சம், ஒரு படி புளியங்கொட்டை, ஒரு கொத்து வேப்பிலை, நீளமான கயிறு. பொடி கல்மாவாக இருக்கட்டும். முதல் முறை நாங்கள் அரிசிமாவில் போட்டோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது எறும்புகள் குடிகாடு வரை தின்று முடித்து, முதுநகரை நெருங்கிக்கொண்டிருந்தன.

முதலில் கடலைப் போடுங்கள். கடலூரில் யாருக்கும் வடக்கு தெற்கு குழம்பலாம், கடல் எந்தப் பக்கம் என்பது குழம்பாது. அடுத்து நீல நிறத்தில் தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு. பிறகு ரயில் பாதை. திருப்பாதிரிப்புலியூர் நிலையம் ஒரு புள்ளி, துறைமுகச் சந்திப்பு ஒரு புள்ளி. அண்ணா பாலம், பாடலீஸ்வரர் கோயில், மஞ்சக்குப்பம் மைதானம். இவ்வளவு போட்டதும் பொடியை உங்கள் கையிலிருந்து விட்டுவிடுங்கள். இதுதான் கடினம். நான் மூன்றாவது கூட்டத்தில்தான் கையை விடக் கற்றேன். கோலம் போட்டுப் பழகிய கைகள் நம்மூரில் பெண்களுடையவை. வரைபடம் தரைக்கு இறங்கியவுடன் கூட்டத்தில் யார் முன்னால் நிற்பது என்பதே மாறிவிடுகிறது.

பின்பு கேள்விகள். ஒவ்வொரு கேள்வியாக, அவசரமில்லாமல்.

“வெள்ளம் வந்தபோது உங்கள் வீட்டுக்குள் நீர் வந்ததா? வந்திருந்தால் வீடு இருக்கும் இடத்தில் ஒரு புளியங்கொட்டை வையுங்கள்.” 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை கரை புரண்டது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2015 நவம்பர் மழையும் நினைவிருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். 2015-க்கு வைத்த கொட்டைகளும் 2024-க்கு வைத்தவையும் ஒரே இடத்தில் குவியாது. ஒன்று ஊருக்குள் பெய்து தேங்கிய நீர், மற்றது எங்கோ பெய்து ஆற்றில் வந்த நீர். வடிகால் கட்டினால் முதலாவது குறையும். இரண்டாவதுக்கு வடிகால் பயன்படாது. ஆற்றுக்கு இடம் விட வேண்டும். பொறியாளருக்கு இது பாலபாடம். ஆனால் ஆல்பேட்டையிலும் குண்டு உப்பலவாடியிலும் எந்தெந்த வீடு என்று அவருக்குத் தெரியாது. கொட்டைக்குத் தெரியும்.

“எங்கே போக அஞ்சுகிறீர்கள்?” செங்கற்பொடி. இருட்டான சுரங்கப்பாதை, மதுக்கடை முனை, வேகத்தடை இல்லாத பள்ளிக்கூட வாசல். பெண்களும் பிள்ளைகளும் வைக்கும் சிவப்பும் ஆண்கள் வைக்கும் சிவப்பும் வேறு வேறு இடத்தில் விழும். இரண்டு கூட்டமாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

“எதை யாரும் தொடக் கூடாது?” வேப்பிலை. இங்கேதான் திட்ட வரைபடத்தில் ஒருபோதும் வராதவை வெளியே வரும். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்று மணலில் ஊரே கூடுகிறது. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. ஆண்டில் ஓரிரு நாள் மட்டும் பயன்படும் இடம் மற்ற நாளில் காலியாகக் கிடக்கும்; அலுவலகத்தில் காலி இடம் என்றால் அடுத்த சொல் பூங்கா அல்லது வாகன நிறுத்துமிடம். அழகுபடுத்தும் திட்டங்களுக்கு நான் எதிரியில்லை. சாமி இறங்க வழி விட்டு அழகுபடுத்தலாம்.

ஒருமுறை நாங்கள் ஒரு தெருவோரம் வாய்க்காலை நீலத்தில் இழுத்தோம். எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி மெல்ல உட்கார்ந்து, உள்ளங்கையால் அந்தக் கோட்டைத் துடைத்தார். “இங்கே இல்லை. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் ஓடியது. நான் அதில் பாத்திரம் கழுவியிருக்கிறேன்” என்று சொல்லி, நான்கு விரல் தள்ளி அவரே நீலத்தைத் தூவினார். அந்த நான்கு விரல் தரையில் ஏறக்குறைய ஒரு கடை வரிசை. மழை பெய்தால் அந்தக் கடைகளுக்குள் ஏன் நீர் ஊறுகிறது என்று அத்தனை ஆண்டுகளாகத் தெருவுக்குப் புரியாமலிருந்தது.

கூட்டம் முடியுமுன் மாடியிலிருந்தோ ஏணியிலிருந்தோ படம் எடுங்கள். அன்றிரவே அதைக் காகிதத்துக்கு மாற்றுங்கள். நாளை என்றால் காற்று இருக்கிறது, ஆடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாள், நேரம், இடம்: குறிப்பேடு

ஒரு நாள் கோலம் போதாது. சில விஷயங்களுக்கு மாதக்கணக்கில் குறித்து வர வேண்டும். இதற்குக் கடலூரிலேயே முன்மாதிரி இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் சிலர் 2004-ல் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் வீசியது, நாற்றம் எதைப் போலிருந்தது என்று குறித்தார்கள். அழுகிய முட்டை, நகப்பூச்சு என்று வீட்டில் எல்லோரும் முகர்ந்த பொருள்களை வைத்தே எழுதினார்கள். வாளியில் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை “நாற்றமடிக்கிறது” என்ற புகாருக்கு “நாங்கள் வந்தபோது இல்லையே” என்பதே பதிலாக இருந்தது. நாளும் நேரமும் வந்தபின் அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாட்டில் மிக மோசமாக மாசடைந்த 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது கடலூரும் அதில் இருந்தது.

உங்கள் குறிப்பேடு இவ்வளவு கனமாக இருக்க வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு, நான்கு பத்தி. பேருந்து வராத நாள், குடிநீர் வந்த நேரம், சாக்கடை பொங்கிய தெரு. ஒரே ஆள் எழுதினால் சலித்துவிடுவார். தெருவுக்கு ஒருவராக மாற்றிவிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் செல்பேசியில் செய்யலாம் என்பார்கள். செய்யட்டும், ஆனால் நோட்டும் இருக்கட்டும்.

புகாரை ஆட்சேபணையாக மாற்றுவது

இங்கேதான் நல்ல சங்கங்களும் சறுக்குகின்றன. “எங்கள் பகுதி வெள்ளத்தில் தத்தளிக்கிறது, ஆவன செய்யவும்” என்பது புகார். அதைத் திட்டத்தில் எங்கே எழுதுவது? திட்டத்துக்குத் தெரிந்த மொழி புல எண் (சர்வே எண்), நிலப் பயன்பாடு, அகலம், ஆண்டு ஆகியவைதான். ஊரார் சொன்னதை அந்த மொழிக்கு மாற்றுவது உங்கள் பொறுப்பு.

கோலத்தில் கொட்டைகள் குவிந்த இடத்துக்கு நேரில் போங்கள். அரசின் நில ஆவண இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ புல எண்ணைப் பாருங்கள். நகருக்குள் நகரளவை எண் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். புலப்படத்தின் நகல் எடுங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா, பட்டா நிலமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதுங்கள்:

“பொருள்: முழுமைத் திட்ட வரைவு – நிலப் பயன்பாட்டு வரைபடம் – இன்ன கிராமம், இன்ன புல எண்கள் – குடியிருப்புப் பகுதி எனக் குறித்துள்ளதை மாற்றக் கோருதல். மேற்படி புல எண்களில் 2015, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் வெள்ளம் புகுந்த வீடுகள் இணைப்பு 1-ல் உள்ளன. நீர்க்கோட்டின் உயரம் தரையிலிருந்து அளந்து இணைப்பு 2-ல் தரப்பட்டுள்ளது. இவ்விடத்தில் புதிய மனைப்பிரிவுகளுக்கு இடமளிக்காமல் திறந்தவெளியாகக் குறிக்கவும், ஏற்கெனவே வசிப்போரை அப்புறப்படுத்தாமல் அவர்களுக்கான வடிகால், மேடான சாலை ஆகியவற்றைத் திட்டத்தில் சேர்க்கவும் கோருகிறோம். நேரில் விளக்க வாய்ப்பளிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.”

ஏற்கெனவே வசிப்பவர்களைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். வெள்ளப் பகுதி என்று நாம் ஆர்வமாகக் குறித்துக் கொடுத்த தாளை வைத்தே குடிசைகளை அகற்றிவிடும் ஆபத்து உண்டு. கொட்டை வைத்த குடும்பங்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி, ஒப்புதல் வாங்கிய பின்னரே இணைப்பில் சேருங்கள். கதவு எண் போதும், பெயர் வேண்டாம்.

ஒரு தாளில் ஒரு கோரிக்கை. இருபது கோரிக்கையை ஒரே மனுவில் அடைத்தால், எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். நூறு பேர் ஒரே தாளில் கையெழுத்திட்டால் பல நேரம் அதை ஒரு மனுவாகத்தான் எண்ணுவார்கள். முப்பது பேர் தனித்தனியாகத் தங்கள் வீட்டு விவரத்தோடு கொடுத்தால் முப்பது. நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அல்லது போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். மாமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல். அவர் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம்.

பகுதி சபையில் என்றால், கூட்டம் நடக்கும்போதே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். “விவாதிக்கப்பட்டது” என்று எழுதினால் ஒன்றுமில்லை என்று பொருள். “பரிந்துரைக்கத் தீர்மானிக்கப்பட்டது” என்று இருக்க வேண்டும். கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள். நம் ஆட்கள் வருகைப் பதிவேடு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஏமாறாமலிருக்க

ஊராரின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக 1969-லேயே அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் வரைந்துகாட்டினார். கீழ்ப்படிகளில் பங்கேற்பு என்ற பெயர் மட்டும் இருக்கும், மேல்படிகளில் அதிகாரமே கைமாறும். தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது எல்லாம் நடுப்படிகள். நம்மூர்க் கருத்துக்கேட்புக் கூட்டம் எந்தப் படி என்று கண்டுபிடிக்க எளிய வழி: முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால் தேநீரைக் குடித்துவிட்டு, எதிர்ப்பை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். மாலை முழுக்க மல்லுக்கட்ட வேண்டாம்.

அக்கம்பக்கத்தில் பார்த்துக் கற்க இரண்டு இடம் சொல்வேன். கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் விட்டது. பணம் வந்ததால்தான் மக்கள் கிராம சபைக்கு வந்தார்கள். புனே மாநகராட்சி 2006 முதல் வரவு செலவுத் திட்டத்துக்கு மக்களிடமிருந்து படிவத்தில் யோசனை வாங்குகிறது. நடைபாதை, பேருந்து நிழற்குடை மாதிரியான சிறு வேலைகள். கேரளத்துக்குச் சட்டமும் அரசியல் துணிவும் தேவை. புனே முறைக்கு ஒரு தாள் படிவம் போதும், நம் மாமன்றம் நாளையே தொடங்கலாம். பகுதி சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கேட்டுப் பாருங்கள்.

மனை விற்பவர்கள் கூட்டத்துக்கு வருவார்கள். வரட்டும், அவர்களும் ஊரார்தான். ஆனால் பேசும் ஒவ்வொருவரும், பேசப்படும் இடத்தில் தமக்கு நிலம் இருந்தால் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று விதி வையுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான். எனக்கு ஒருமுறை அந்த விதி இடித்தது. என் மைத்துனரின் மனை ஒன்று அந்தப் புல எண்ணில் இருந்தது. சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு சுரத்தில்லாமல் இருந்தது.

நமக்கு நாமே திட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பள்ளிச் சுவருக்கோ பூங்காவுக்கோ நல்லது. பணம் இருக்கும் தெருவுக்கே வேலை நடக்கும் என்ற குறையும் அதில் இருக்கிறது. ஏழைத் தெருவின் பங்கைத் திரட்ட வெளியே ஆள் தேட வேண்டியிருக்கும்.

தொடர்ந்து கேட்பது

மனு கொடுத்த அறுபதாம் நாள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய வெள்ளைத்தாள், பொதுத் தகவல் அலுவலருக்கு. “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. “இன்ன தேதியில் பெறப்பட்ட எங்கள் ஆட்சேபணையின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல் தருக” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. மிரட்டலாக எழுத வேண்டாம். அந்தக் குறிப்பை எழுதப்போகும் உதவியாளர் நாளை உங்கள் தெருவிலேயே குடிவரலாம்.

நேரில் விளக்க அழைத்தால் மூன்று பேர் போங்கள், முப்பது பேர் வேண்டாம். வெள்ளம் புகுந்த வீட்டிலிருந்து ஒருவர், கணக்கும் புல எண்ணும் வைத்திருப்பவர் ஒருவர், பேசாமல் குறிப்பெடுப்பவர் ஒருவர். கோலத்தின் புகைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோங்கள். அதிகாரிகள் அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். எங்களிடம் ஒருவர், “இந்தக் கருப்புப் புள்ளியெல்லாம் என்ன?” என்று கேட்டார். “புளியங்கொட்டை ஐயா, ஒவ்வொன்றும் ஒரு வீடு” என்றோம். அவர் எண்ணத் தொடங்கினார்.

என்ன நடந்தது என்பதை வந்தவர்களிடம் திரும்பப் போய்ச் சொல்வதைப் பெரும்பாலான சங்கங்கள் செய்வதில்லை. பிறகு அடுத்த கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்று வருந்துகின்றன. நியாயவிலைக் கடைச் சுவரில் ஒரு சார்ட் தாள் ஒட்டுங்கள். மூன்று பத்தி: ஏற்றுக்கொண்டது, மறுத்தது, பதில் வராதது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் தேதி. அடுத்த பகுதி சபையில் முதல் வேலையாக இந்தத் தாளைப் படியுங்கள். பதில் வராதது என்ற பத்திக்கு அகலமாக இடம் விட்டு வையுங்கள். எங்கள் முதல் தாளில் அது பற்றாமல் சுவரிலேயே எழுத வேண்டியதாயிற்று.